நரிப்பள்ளத்து நீலம்

எனக்கு நடக்கப் பிடிக்கும், மேடம். எங்கள் தொழிலில் இது அபூர்வம். வரைபடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ட்ரோன் பறந்து படம் எடுத்து வரும், செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துச் சொல்லும், மீதியை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். நான் அப்படி இல்லை. திரையில் ஒரு கோடு சந்தேகமாகத் தெரிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி எல்லை வரைக்கும் இருக்கிற ஓடைகளில் பாதியை நடந்தே பார்த்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று என் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சரியில்லை. எனக்கு விவரம் தெரியும்.

என் பெயர் பகலவன். சொந்த ஊர் களமருதூர். அப்பா அடுத்தவர் நிலத்தில் குத்தகைக்கு நெல் வைத்தவர். வரப்பு ஒரு சாண் தள்ளினால் ஊரே கூடிச் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோட்டுக்கு இருக்கிற பலம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரித்தார்கள். இன்னும் இருபது வருஷத்தில் ஊர் எந்தப் பக்கம் வளரும், எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம், எந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்த தனியார் நிறுவனத்தில் நான் ஒப்பந்த ஊழியர். வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். கூட்டத்துக்கு வருகிற பெரியவர்கள் யாரும் கீழே இருக்கிற குறிப்பைப் படிப்பதில்லை. நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நான் போடுகிற நிறம்தான் அந்த இடம்.

நரிப்பள்ளத்துக்கு நான் முதலில் போனது ஒரு ஆவணி மாதக் காலை. ஊருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர். அன்றைக்கு அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கிற நாள். பெயரில்தான் பள்ளம், பார்வைக்குச் சாதாரணத் தரிசு. ஓரத்தில் ஒரு ஓடை, ஒரே தாவாகத் தாண்டிவிடலாம். நில அளவைத் துறையின் பழைய புலப்படத்திலும் அது ஒரு மெல்லிய கோடுதான். தரிசின் நடுவில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு அம்மா வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ட்ரோன் சத்தத்துக்கு ஆடுகள் மிரண்டு ஓடின. அவர் என்னைத் திட்டவில்லை.

"இன்னா சார், கண்ணாலத்துக்குப் படம் புடிக்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஊருக்கு வரைபடம் போடுகிறோம், தண்ணீர் போகிற இடமெல்லாம் குறிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"தண்ணி போற எடம் மேலேர்ந்து பாத்தா எப்டி சார் தெரியும்? வாங்க, நான் காட்றேன்."

அவர்தான் இருசம்மாள். வெயில் ஏறும்வரை என்னை அழைத்துக்கொண்டு அந்தத் தரிசைச் சுற்றி வந்தார். கருவேல முள்ளில் பிளாஸ்டிக் கிழிசல்கள் சிக்கியிருந்தன. என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. ஒரு பனைமரத்தில் சேறு படிந்து காய்ந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "மலையில பேஞ்சா போதும் சார். இங்க வெயிலடிக்கும், அப்பவும் வந்துரும். வர்றதே தெரியாது. ஓடை ஒரே அடியா அகண்டு இந்தக் காடு பூரா நிக்கும். நான் ஆட்ட ஓட்டிக்கினு அந்த ரோட்டு மேட்டுக்கு ஓடியாந்துருவேன்."

அவர் காட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஜிபிஎஸ் கருவியை வைத்துப் புள்ளி எடுத்தேன். இருபத்து மூன்று புள்ளிகள். அலுவலகத்துக்குத் திரும்பி அவற்றைச் சேர்த்து நீலம் பூசினேன். வெற்றிலை மாதிரி ஒரு வடிவம் வந்தது. அந்த வெள்ளம் அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் அது தரிசு. இருசம்மாளின் தலையிலும் என் கணினியிலும் மட்டும்தான் அது வெள்ளம் நிற்கிற இடம்.

இருசம்மாள் ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்தவர். அங்கே நாற்பத்தாறு குடும்பங்கள். மக்காச்சோளம் அறுக்கவும் கரும்பு வெட்டவும் மரவள்ளி பிடுங்கவும் போகிறவர்கள். ஏரியை மீட்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அவர்களுக்கு மாற்று இடம் தேட வேண்டியதாயிற்று. ஊரைச் சுற்றிய நிலமெல்லாம் ஏற்கெனவே மனை போட்டுக் கல் நட்டாகிவிட்டது. முதல் கூட்டத்தில் என் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். எங்கே விரல் வைத்தாலும் ஏதோ ஒரு நிறம் தடுத்தது. "எடமில்ல எடமில்லன்னு சொல்றதுக்கு ஒரு மேப்பா?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் நாராயணசாமி சார். அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் என் மேசைக்கு வந்தார். "மூணு கிலோமீட்டருக்குள்ள நாலு ஏக்கர் காட்டுப்பா. இல்லன்னா மலையடிவாரத்துல இருபது கிலோமீட்டர் தள்ளிப் போட்ருவாங்க. அந்த ஜனங்க அங்கேர்ந்து எப்படிக் கூலிக்கு வரும்?" என்றார். நீலத்தை எடு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு நரிப்பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. நாற்பத்தாறு குடும்பம் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். விசையில் ஒரே ஒரு தட்டு. அடியில் இருந்த ட்ரோன் படம் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் சாய்ந்த நிழல். பெரிதாக்கிப் பார்த்தேன். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருசம்மாள் நின்றார். சுற்றிலும் ஆடுகள். அவர் பார்த்தது ட்ரோனைத்தான். ஆனால் படத்தில் பார்க்கிறவனைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். மஞ்சளைப் பூசினேன், மறைந்துவிட்டார். பிறகு சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

கூட்டத்தில் அன்றைக்கு என்னைப் பாராட்டினார்கள். பொறியாளர் சித்திரை மாதம் வந்து பார்த்தார். மண் கெட்டியாக இருந்தது. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வேலை ஆரம்பமானது.

இடத்தின் பெயர் வெளியே தெரிந்த வாரமே இருசம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ஏரிக்கரை ஜனங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அந்தக் காட்டைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்று அவரை உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

"என்னிய ஞாபகம் கீதுங்களா சார்?" என்றார். "நரிப்பள்ளத்துல வூடுன்றாங்களே. அங்க தண்ணி வருமே சார். நான்தான உங்களுக்குச் சுத்திக் காட்னேன்?"

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இது வானத்துலேர்ந்து பாத்துப் போட்டதும்மா. இதான் நரிப்பள்ளம். இதுல நீலம் எங்கயாவது தெரியுதா, பாருங்க."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் தேடினார். விரலைத் திரையில் வைக்கத் தயங்கி, காற்றிலேயே வைத்து நகர்த்தினார். "மஞ்சாதான் கீது" என்றார்.

"அவ்ளோதான். ஓடையைத் தூர்வாரப் போறாங்க. இனிமே தண்ணி அதுபாட்டுக்கு அதுல போயிரும்."

தூர்வாருகிற திட்டம் எதுவும் இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது.

"நீங்க நடந்து பாத்தவரு. உங்களுக்குத் தெரியாததா? அப்ப நான் போயி அவங்ககிட்ட சொல்லிர்றேன்" என்று எழுந்தார். என் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றேன். கேட்டுக்கு வெளியே அவர் கையை ஆட்டிப் பேசுவதையும், மற்றவர்கள் தலையாட்டுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் அங்கே குடிபோயிருக்க மாட்டார்கள். இது உங்கள் கோப்பில் இல்லை என்று நினைக்கிறேன்.

வீடுகள் நன்றாகவே அமைந்தன. ஒரு அறை, ஒரு சமையல் இடம், தட்டையான கான்கிரீட் கூரை. மேலே ஏறப் படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் பக்கம் நடந்து போவேன். என்னைப் பார்த்தால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். இருசம்மாள் வாசலில் முருங்கைக் கொம்பு நட்டிருந்தார். அது தழைத்துவிட்டது. உள்ளே கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர் முனியன். கரும்பு லோடு மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு போனவர். ஏரிக்கரையில் இருந்தவரை கொசுவில் கிடந்தாராம். "இப்ப ஃபேன் காத்துல தூங்கறாரு சார்" என்று இருசம்மாள் சொன்னார். முனியன் படுத்தபடியே எனக்குக் கும்பிடு போட்டார். நான் பூசிய மஞ்சளுக்குள் மனிதர்கள் உலை வைத்து, துணி காயப்போட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் வருஷம் மழை கம்மி. ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் வந்தது. இரண்டாவது வருஷம் பிறந்தபோது, இருசம்மாள் காட்டியதெல்லாம் சரிதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முள்ளில் இருந்த பிளாஸ்டிக் காற்றில் பறந்து வந்து மாட்டியிருக்கலாம். பனைமரத்தில் மாடு முதுகைத் தேய்த்திருக்கலாம். நான் நீக்கியது ஒரு தவறான நீலம் என்றுகூட நம்ப ஆரம்பித்தேன். நம்பியது உண்மை.

போன கார்த்திகையில் மலையில் ஒரு பகலும் இரவும் விடாமல் பெய்தது. ஊரில் தூறல்தான். காலை எட்டரைக்கு நாராயணசாமி சார் போன் செய்தார். தாழ்வான இடங்களின் பட்டியல் உடனே வேண்டும், ஜனங்களை ஏற்றிக்கொண்டு வர பஸ் தயாராக நிற்கிறது, பள்ளிக்கூடங்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றார். நான் தட்டினேன். பதினொரு இடங்கள். பன்னிரண்டாவதாக நரிப்பள்ளம் என்று தட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்வான இடம் என்றால் அங்கே ஏன் வீடு கட்டினீர்கள் என்று கேட்பார்கள். பழைய வரைபடத்தை எடு என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன். அந்தப் பதினொரு இடங்களிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பட்டியல் அவ்வளவு சரியாக இருந்தது.

நரிப்பள்ளத்துக்குத் தண்ணீர் பத்து மணிக்கு மேல் வந்தது. ஒன்பது பேர் போனார்கள். கூரைமேல் ஏற முடிந்தவர்கள் பிழைத்தார்கள். ஏற முடியாதவர்களும், அவர்களை விட்டுவிட்டு ஏற மனமில்லாதவர்களும் போனார்கள். முனியனைக் கட்டிலோடு எடுத்தார்கள். இருசம்மாளை மறுநாள் ஓடையில் இரண்டு கிலோமீட்டர் கீழே எடுத்தார்கள்.

மத்தியானமே நான் அங்கே போய்விட்டேன். ரோட்டு மேட்டில் நின்று தண்ணீரின் விளிம்பைப் பார்த்தேன். பனைமரம், கருவேலம் புதர், வளைந்த வேலி. இருபத்து மூன்று புள்ளிகளிலும் தண்ணீர் அப்படியே வந்து நின்றிருந்தது. ஓரடி பிசகவில்லை. என் பக்கத்தில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு உள்ளே வேறு ஒன்று எழுந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பல நாள் யோசித்தேன். பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். நான் போட்ட நீலம் சரி என்று அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. அதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நரிப்பள்ளத்து வரைபடத்தைத் திருத்தச் சொன்னார்கள். மஞ்சளை எடுத்தேன். அடியில் அவர் நின்றார். கையை நெற்றியில் வைத்து, அண்ணாந்து. வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த புதுப்படத்தைப் போட்டேன். அதில் சேறும், இடிந்த சுவர்களும், அந்த முருங்கையும்தான் இருக்க வேண்டும். என் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினேன். சேறும் சுவரும்தான் தெரிகிறது என்றார்கள். எனக்கு அந்த இடத்தில் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளியும் நிழலும் தெரிகிறது. நிழல் மட்டும் நேரத்துக்கு ஏற்றாற்போல நீளுகிறது. உளுந்தூர்பேட்டை ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரிய விளம்பரப் பலகையில் மஞ்சள் நிறம் இருந்தால் அதன் அடியில் யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றுகிறது. வீட்டில் எல்லாச் சுவரையும் வெள்ளையடித்துவிட்டேன்.

அவருடைய எண்ணுக்கு அவ்வப்போது போன் செய்வேன். முதல் சில மாதம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. இந்தப் பங்குனியில் ஒருநாள் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஒரு ஆண் குரல். "யாரு வோணும்?" என்றது. அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். நான் வைத்திருக்க வேண்டும். "அங்க தண்ணி வடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். "இன்னா தண்ணி? பங்குனி வெயில்ல ஏதுங்க தண்ணி?" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

இப்போது உங்கள் கோப்புக்கு வருகிறேன். வரைபடத்தை நான் மாற்றினேனா, பட்டியலில் ஏன் பெயர் இல்லை, இந்த இரண்டைத்தான் நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். இரண்டையும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் பிழைத்தவர்களில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினீர்கள். காலையில் எல்லோரும் மேட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டினார்களாம். இருசம்மாதான் தடுத்ததாம். "யாரோ ஒரு சார்கிட்ட போன்ல பேசிச்சி, வூட்டுக்குள்ளியே இருக்கச் சொல்றாருன்னு சொல்லிச்சி" என்று ஜெயசுதா என்கிற பெண் சொல்லியிருக்கிறார். அந்த சார் யார் என்று கேட்டீர்கள். அவர்களுக்குத் தெரியவில்லை. போனும் கிடைக்கவில்லை. சிம் வேறு யார் பெயரிலோ இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

நான்தான் மேடம்.

பட்டியலை அனுப்பி அரை மணி நேரம் இருக்கும். ஒன்பது இருபத்தைந்து. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், இருசம்மா பேசறேன். ஓடைத்தண்ணி செவப்பா வருது. மலைத்தண்ணி. சத்தம் வேற மாரி கீது. இப்பவே கெளம்புனாத்தான் இவர கட்டுலோட தூக்கிக்கினு மேட்டுக்குப் போவ முடியும். நாலு ஆம்பளைங்க ரெடியா நிக்கிறாங்க. எல்லாரும் என்னிய கேக்கறாங்க. இன்னா சார் பண்றது?"

எனக்கு எல்லாம் தெரிந்தது. எத்தனை அடி வரும், எதுவரை வரும், ஏறக்குறைய எத்தனை மணிக்கு வரும். ரோட்டு மேட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். கட்டிலோடு என்றால் இருபது. தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் நாற்பத்தாறு குடும்பம் மூட்டை முடிச்சோடு ரோட்டில் நின்றால் பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று அதிகாரிகள் வந்து கேட்பார்கள். இருசம்மாள் சொல்லுவார். ஆவணி மாதத்திலிருந்து ஆரம்பித்து, என்னோடு நடந்தது, என் கணினியில் பார்த்தது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொல்லுவார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். இவ்வளவையும் அந்த ஒரு மூச்சில் யோசித்தேன். தடுமாற்றத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள்.

"பயப்படாதீங்கம்மா. எங்கயும் போவ வேணாம். எல்லாரையும் உள்ள இருக்கச் சொல்லுங்க, கதவச் சாத்திக்கங்க" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

"சரிங்க சார்" என்றார்.

பத்தே காலுக்கு மேல் அதே எண்ணிலிருந்து ஏழு முறை மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. அதனால் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்தச் சொல்தான், மேடம். குரலில் ஒரு சின்னக் குறைகூட இல்லை. கடைசிவரை அவருக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.